சோமனூர் ஆர்எக்ஸ் 580: தவறான பயாஸில் படுத்த கார்டும் அதை எழுப்பி ஓவர்கிளாக் செய்த முறையும்

சோமனூரில் தறிக்குடோனை ஒட்டிய ஓர் அறையில் ஓடிக்கொண்டிருந்த கார்டு இது. ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி. ஒற்றை 8 பின் பவர் கனெக்டர், கார்டை இயக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு ஒரே ஒரு சிப். சில கார்டுகளில் இருப்பதுபோல இரண்டாவது பயாஸுக்கு மாற்றும் சுவிட்ச் இதில் கிடையாது. செகண்ட்ஹேண்டில் வாங்கியது. மேசைக்கு வந்தபோது ஃபேன் சுற்றியது, திரை கருப்பாகவே இருந்தது. கார்டுக்காரத் தம்பி சொன்னது இவ்வளவுதான்: "கேம் போட்டா பத்து நிமிசத்துல கட்டங்கட்டமா கலர் தெறிக்குதுங்கண்ணா. பயாஸ மாத்துனா அதுவும் நிக்கும், ஸ்பீடும் ஏறும்னாங்க. மாத்தி ரீஸ்டார்ட் குடுத்தேன், அதோட டிஸ்பிளேவே வர்லீங்க."

அவர் செய்த ஒரு நல்ல காரியம், எழுதுவதற்கு முன் பழைய பயாஸை ஒரு பென்டிரைவில் சேமித்து வைத்திருந்தார். அந்தக் கோப்பு இல்லாவிட்டால் கலர் தெறித்ததன் காரணம் கடைசிவரை ஊகமாகவே இருந்திருக்கும்.

பயாஸ் எதையெல்லாம் தீர்மானிக்கிறது

ஆர்எக்ஸ் 580 வெளிவந்தது 2017 ஏப்ரலில். உள்ளே போலாரிஸ் 20 சிப், கணக்கிடும் சிறு அலகுகளான ஷேடர்கள் 2304. ஏஎம்டி அறிவித்த வேகம் அடிப்படை 1257, உச்சம் 1340 மெகாஹெர்ட்ஸ். ஜிடிடிஆர்5 மெமரி 2000 மெகாஹெர்ட்ஸில் 256 பிட் பாதையில் நொடிக்கு 256 ஜிபி கொண்டுபோகும். கார்டின் மொத்த மின்செலவு 185 வாட்.

இந்த எண்களில் ஷேடர் எண்ணிக்கையும் மெமரிப் பாதையின் அகலமும் சிலிக்கானில் உள்ளவை. மற்றவை பயாஸில் அட்டவணைகளாக இருக்கின்றன. கோர், அதாவது முதன்மைச் சிப்பின் வேகத்துக்கு 0 முதல் 7 வரை எட்டுப் படிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வோல்டேஜ், மெமரி வேகத்துக்குச் சில படிகள், மின்செலவு உச்சவரம்பு, ஃபேனின் போக்கு, எந்த டிஸ்பிளே போர்ட் எந்தக் கம்பியில் இருக்கிறது என்ற வரைபடம், கடைசியாக மெமரி அட்டவணை. இந்த மெமரி அட்டவணையில்தான் பெரும்பாலான விபத்துகள் நடக்கின்றன. கார்டு தயாரிப்பவர்கள் ஒரே மாடலில் சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் என்று கிடைத்த மெமரியைப் பொருத்துவார்கள். ஒவ்வொரு மெமரி வகைக்கும் தனி டைமிங் (காத்திருப்புக் கணக்கு) வரிசை வேண்டும். பயாஸில் அந்த வகைக்கு இடமே இல்லையென்றால் கார்டு தன் மெமரியைத் தயார்செய்ய முடியாமல் நின்றுவிடும்.

இந்தக் கார்டில் நடந்தது அதுவே. ஹீட்சிங்கைக் கழற்றிப் பார்த்ததில் எட்டு மெமரி சிப்புகளும் ஹைனிக்ஸ். தம்பி இறக்கிய பயாஸ் வேறொரு தயாரிப்பாளரின் கூடுதல் வேக மாடலுக்கானது. அதில் சாம்சங் கே4ஜி80325எஃப்பி ஒன்றுக்கு மட்டுமே அட்டவணை இருந்தது. பயாஸை எழுதும் ஃபிளாஷ் மென்பொருள் "இது வேறு கார்டின் கோப்பு" என்று தடுத்திருக்கிறது. யாரோ சொன்னபடி, கட்டாயமாக எழுது என்னும் எஃப் தெரிவைச் சேர்த்து அவர் அதைத் தாண்டியிருக்கிறார். அந்தத் தடை வந்தால் நிறுத்திவிட வேண்டும். எதற்காகத் தடுக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர் மட்டுமே எஃப் போடலாம்.

உயிர் கொடுத்தல்

கருப்புத் திரையைப் பார்த்துக் கார்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டிப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. பயாஸ் மட்டும் கெட்ட கார்டைப் பெரும்பாலும் வீட்டிலேயே மீட்கலாம்.

தேவை, பிராசஸரில் உள்ள கிராபிக்ஸ் வழியாகத் திரை காட்டும் ஒரு கம்ப்யூட்டர், அல்லது இரண்டாவது கார்டு. மதர்போர்டு செட்டிங்கில் முதல் திரையை உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்கு மாற்றிவிட்டு, கெட்ட கார்டைப் பொருத்தி இயக்க வேண்டும். பல நேரம் விண்டோஸ் ஏறிவிடும், ஃபிளாஷ் மென்பொருளுக்கும் கார்டு தெரியும். அப்படித் தெரிந்தால் நேராக எழுதிவிடலாம். இந்தக் கார்டு அதற்கும் இடம் தரவில்லை. அதைப் பொருத்தினாலே கம்ப்யூட்டர் பாதியில் நின்றது.

அப்போது செய்வது, எட்டுக் கால் உள்ள பயாஸ் சிப்பின் 1ஆம் காலையும் 8ஆம் காலையும் இணைத்துப் பிடிப்பது. சிப்பின் மூலையில் உள்ள சிறு புள்ளிக்குப் பக்கத்தில் இருப்பது 1; அதற்கு நேர் எதிரே, மறு வரிசையில் இருப்பது 8. 8 என்பது சிப்புக்கு வரும் மின்சாரம். 1 என்பது "உன்னைக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லும் கம்பி. அது தாழ்ந்தால்தான் சிப் பதில் பேசும். இரண்டையும் இணைத்தால் 1 உயர்ந்தே நிற்கும், சிப் வாய் திறக்காது. கார்டும் தனக்குப் பயாஸே இல்லை என்று எண்ணிச் சும்மா உட்கார்ந்திருக்கும், கம்ப்யூட்டர் தடையில்லாமல் ஏறிவிடும்.

செய்யும் வரிசை: மெல்லிய ட்வீசரால் இரண்டு காலையும் தொட்டுப் பிடித்துக்கொண்டு பவர் பட்டனை அழுத்தவும். விண்டோஸ் ஏறியதும் ட்வீசரை எடுத்துவிடவும். எடுக்க மறந்தால் எழுதவே முடியாது, "ரோம் அழியவில்லை" என்ற வகைப் பிழை வரும். பிறகு கமாண்ட் சாளரத்தை அட்மினாகத் திறந்து, ஃபிளாஷ் மென்பொருளான ஏஎம்டி விபிஃபிளாஷை ஐ தெரிவோடு ஓட்டி, கார்டு எத்தனையாவது எண்ணில் தெரிகிறது என்று பார்க்கவும். அடுத்து பி தெரிவோடு கார்டின் எண்ணையும் கோப்பின் பெயரையும் கொடுத்து எழுதவும். இரண்டு கார்டு இருக்கும் கம்ப்யூட்டரில் எண்ணை மாற்றிக் கொடுத்து நல்ல கார்டையும் படுக்கவைத்துவிடக் கூடாது. ட்வீசர் பக்கத்துக் காலில் நழுவாமலிருக்க, எழுந்து நிற்கும் கம்ப்யூட்டரில் செய்யாமல் மதர்போர்டை மேசையில் கிடத்திச் செய்வது நல்லது.

இதிலும் வராத கார்டுக்கு, பயாஸ் சிப்பில் நேரடியாக எழுதும் சிஎச்341ஏ புரோகிராமரும் எட்டுக் கால் கிளிப்பும் வேண்டும். அந்தப் புரோகிராமரின் கருப்பு போர்டு வகையில் ஒரு கோளாறு பரவலாகத் தெரிந்ததே: சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் டேட்டா கம்பிகளில் 5 வோல்ட் வரும். மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். சில கார்டுகளின் பயாஸ் சிப் 1.8 வோல்ட்டுக்கானது, அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். இரண்டு முறை படித்து இரண்டு கோப்பும் ஒன்றாக இருந்தால் மட்டுமே மேலே போகலாம்.

இங்கே ட்வீசரே போதுமானதாக இருந்தது. பென்டிரைவில் இருந்த பழைய பயாஸை எழுதியதும் திரை வந்தது. கேம் போட்டதும் கட்டங்கட்டமான கலரும் திரும்பி வந்தது.

மைனிங் டைமிங்

பழைய கோப்பைப் போலாரிஸ் பயாஸ் எடிட்டரில் திறந்தபோது விடை தெரிந்தது. கோர் வேகம் குறைக்கப்பட்டிருந்தது, மின்வரம்பு தாழ்த்தப்பட்டிருந்தது. மெமரி டைமிங் பகுதியில் 1500 வரிசையில் இருந்த அதே 96 எழுத்துகள் 1625, 1750, 2000 வரிசைகளிலும் ஒட்டப்பட்டிருந்தன. எத்தீரியம் என்னும் கிரிப்டோ நாணயத்தைக் கார்டில் கணக்குப் போட்டு ஈட்டும் மைனிங்குக்குச் செய்யும் வழக்கமான மாற்றம் இது. எத்தீரியம் 2022 செப்டம்பர் 15 அன்று மைனிங் முறையையே கைவிட்ட பிறகு, இப்படி மாற்றிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. விற்றவர்களில் பலர் பயாஸைத் திருப்பி வைக்கவில்லை.

டைமிங் என்பது, ஒரு வேலைக்குப் பிறகு அடுத்த வேலைக்கு மெமரி எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு. 1500 மெகாஹெர்ட்ஸுக்கு எழுதிய துடிப்பு எண்ணிக்கையை 2000த்தில் ஓட்டினால், உண்மையில் கிடைக்கும் நேரம் முக்கால் பங்குதான். காத்திருப்பு குறைவதால் மெமரி வேகமாகப் பதில் சொல்லும், மெமரியையே நம்பியிருந்த எத்தாஷ் என்னும் எத்தீரியம் மைனிங் கணக்குக்கு அது பெரிய லாபம். ஆனால் எத்தாஷ் பெரும்பாலும் படிக்கிற வேலை. எங்காவது ஒரு விடை தப்பினால் அந்த ஒரு விடை தள்ளுபடியாகும், அவ்வளவுதான். கேம் அப்படியல்ல. படிப்பதும் எழுதுவதும் கலந்து ஓடும். ஒரு முகவரி தப்பினால் திரையில் கட்டம் தெறிக்கும், அல்லது டிரைவர் விழுந்து எழும். மைனிங்கில் ஆண்டுக்கணக்கில் நின்று ஓடிய கார்டு கேமில் பத்து நிமிடம் தாங்காததற்கு இதுவே காரணம். மெமரி சிப் தேய்ந்துவிட்டது என்று முதலிலேயே முடிவுக்கு வரக் கூடாது. அசல் டைமிங்கை வைத்துப் பார்த்த பிறகும் தெறித்தால்தான் சிப்பைச் சந்தேகிக்கலாம்.

அசல் பயாஸைக் கண்டுபிடிக்க, கார்டின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பரைக் கொண்டு டெக்பவர்அப் இணையதளத்தின் பயாஸ் தொகுப்பில் தேடினோம். ஒத்துப்பார்த்தவை: தயாரிப்பாளர், மெமரி அளவு, ஆதரிக்கும் மெமரி வகைகளில் ஹைனிக்ஸ் சிப்பின் அதே எண், டிஸ்பிளே போர்ட்டுகளின் எண்ணிக்கை, சிப்பின் வகையைச் சொல்லும் டிவைஸ் ஐடி. கடைசியில் சொன்னது முக்கியம். ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்ற பெயரில் 2048 ஷேடர் உள்ள கார்டுகளும் உலவுகின்றன. அவற்றின் ஐடி 6எஃப்டிஎஃப், முழு 580யின் ஐடி 67டிஎஃப். பெயரை மட்டும் பார்த்துப் பயாஸ் எடுத்தால் அங்கேயும் படுக்கும்.

அசல் பயாஸில் இரண்டு மணி நேரம் ஓடியது, ஒரு கட்டமும் தெறிக்கவில்லை. ஆனால் வெப்பம் 86 டிகிரியில் முட்டி, கோர் 1340லிருந்து இறங்கி இறங்கி ஓடியது.

பஞ்சு

தறி ஓடும் ஊரில் கம்ப்யூட்டருக்குள் சேர்வது மண்தூசி இல்லை, பஞ்சு. மண்தூசியைப் பிளோயர் தள்ளிவிடும். பஞ்சு ஹீட்சிங்க் தகடுகளின் வாயில் பின்னிக்கொண்டு கம்பளிபோலப் படியும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகத் தெரியும், அதற்கு அடியில் காற்றே நுழையாது. சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் வரும் கார்டுகளில் ஃபேன் கூட்டைக் கழற்றாமல் சுத்தம் செய்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம். ஃபேனைக் கழற்றி, பஞ்சுப் படலத்தை ட்வீசரால் உரித்தெடுத்து, அதன் பிறகு காற்றடிக்க வேண்டும். காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளவும். பிளோயர் வேகத்தில் சுற்றவிட்டால் பேரிங் போகும்.

தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருந்தது, புதிதாக வைக்கப்பட்டது. மெமரி மேலிருந்த பேட்களில் இரண்டு கிழிந்திருந்தன. பழைய பேடின் நசுங்காத ஓரத்தை வெர்னியரில் அளந்து அதே தடிமனில் வாங்க வேண்டும். தடிமன் கூடினால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு முதன்மைச் சிப்பில் சரியாக உட்காராது. "பெரிய பேட் போட்டேன், இன்னும் சூடாகிறது" என்பவர்களின் கார்டில் பெரும்பாலும் இதுதான் கோளாறு.

இவ்வளவும் முடிந்து, அதே அறை வெப்பத்தில், அதே சோதனையில் 72 டிகிரி. கோர் 1340லேயே நின்றது. தம்பி எதிர்பார்த்த வேகத்தில் பெரும்பங்கு ஓவர்கிளாக் (வேகத்தை அசலுக்கு மேல் ஏற்றுவது) தொடங்குவதற்கு முன்பே இங்கேயே கிடைத்துவிட்டது.

எண்களை முதலில் மென்பொருளில் தேடுவது

பயாஸில் எழுதி எழுதிப் பார்த்து எண் கண்டுபிடிப்பது தவறான வரிசை. மென்பொருளில் வைத்த எண் தாங்காவிட்டால் ரீஸ்டார்ட் செய்தால் போதும். பயாஸில் வைத்த எண் தாங்காவிட்டால் மறுபடி ட்வீசர்தான். அதனால் ஏஎம்டியின் டிரைவர் மென்பொருளில் எண்களைத் தேடி, ஒரு வாரம் ஓட்டி, நின்ற எண்ணை மட்டும் பயாஸில் பதிக்க வேண்டும். அப்படியானால் பயாஸ் எதற்கு? டிரைவர் விழுந்தால் அமைப்பு அழிந்துவிடும், டிரைவரைப் புதுப்பித்தாலும் அழியும், வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் கூட வராது. மெமரி டைமிங்கை நம் விருப்பப்படி வரிசை வரிசையாகத் திருத்த டிரைவரில் வழியும் இல்லை.

கோர் வேகத்தை ஏற்றுவதில் ஒரு கணக்கை மனதில் வைக்க வேண்டும். மின்செலவு வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 1340 மெகாஹெர்ட்ஸ், 1.15 வோல்ட் என்பதை 1450, 1.2 வோல்ட் ஆக்கினால் வேகம் 8 சதவீதம் கூடும், சிப்பின் மின்செலவு ஏறத்தாழ 18 சதவீதம் கூடும். கொங்குச் சீமையில் கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறது. ஈரோட்டுக்கும் கரூருக்கும் அந்த வசதி இல்லை. அறை வெப்பத்தைவிட 45 டிகிரி மேலே ஓடும் கார்டு மார்கழியில் 70ஐத் தொட்டால் சித்திரையில் 83ஐத் தொடும். ஆகவே ஏசி போட்ட அறையில் எடுத்த எண் செல்லாது. மதியம் இரண்டு மணிக்கு மேல், அந்தக் கார்டு வாழப்போகும் அறையிலேயே சோதிக்க வேண்டும்.

இந்தச் சிப் 1380 மெகாஹெர்ட்ஸில் 1.1 வோல்ட்டுக்கு நின்றது. அசல் 1.15 வோல்ட்டோடு ஒப்பிட்டால் வேகம் 3 சதவீதம் கூடுதல், மின்செலவு 6 சதவீதம் குறைவு. 1420க்கு 1.175 கேட்டது, அந்தப் பேரம் வேண்டாம் என்று விடப்பட்டது. இந்த எண்களை வேறு கார்டில் அப்படியே வைக்கக் கூடாது. அசல் பயாஸில் உயர்படிகளின் வோல்டேஜ் இடத்தில் 65282 முதல் 65288 வரையான எண்கள் இருக்கும். அவை மில்லிவோல்ட் அல்ல. "இந்தச் சிப்பின் தரத்துக்கேற்ப நீயே கணக்கிட்டுக்கொள்" என்ற குறிப்புகள். ஒவ்வொரு சிப்புக்கும் விடை வேறு.

மெமரியை 25 மெகாஹெர்ட்ஸ் படிகளில் ஏற்றினோம். இங்கே திரையைப் பார்த்து முடிவு செய்வது போதாது. ஜிடிடிஆர்5 தன் பாதையில் நடக்கும் பிழையைக் கண்டுபிடித்து அதே தகவலை மறுபடி அனுப்பும். திரை சுத்தமாக இருக்கும், வேகம் மட்டும் குறையும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஜிபியு மெமரி எரர் என்ற வரி அந்தப் பிழைகளை எண்ணிக் காட்டுகிறது. 2150இல் எண் ஓடிக்கொண்டே இருந்தது, வேகச் சோதனையின் மதிப்பெண் 2075இல் வந்ததைவிடக் குறைந்தது. 2075இல் ஒரு மணி நேரம் பூஜ்யம். பதிக்க எடுத்தது 2050, நொடிக்கு 262.4 ஜிபி. கோடைக்கான இடைவெளி அந்த 25. மிகவும் நெருக்கிய டைமிங்கால் மெமரிக்குள்ளேயே நடக்கும் பிழையை இந்த எண்ணிக்கை பிடிக்காது; அதற்கு ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளின் விரேம் (கார்டு மெமரி) சோதனையை ஓட்ட வேண்டும்.

எழுதுதல்

எடிட்டரில் அசல் கோப்பின் நகலைத் திறந்து, 7ஆம் படியில் 1380, 1100 என்று இட்டோம். 5, 6ஆம் படிகள் 65 ஆயிரத்து எண்களிலேயே இருந்தால் கீழ்ப்படி மேல்படியைவிட அதிக வோல்டேஜ் கேட்கும் விந்தை நடக்கும், ஆகவே அவற்றுக்கும் 1050, 1075 தரப்பட்டது. மெமரி வரிசையில் உள்ள வோல்டேஜை மெமரி சிப்பின் வோல்டேஜ் என்று பலர் நினைத்து ஏற்றுகிறார்கள். அது கோரின் மெமரி கன்ட்ரோலருக்கான குறைந்தபட்சம். ஏற்றினால் மெமரிக்கு ஒன்றும் கிடைக்காது, கோர் அதற்குக் கீழே இறங்க முடியாமல் சும்மா சூடாகும். அதைத் தொடவில்லை. மின்வரம்பையும் ஏற்றவில்லை. ஒற்றை 8 பின் கேபிளின் 150 வாட்டும் ஸ்லாட்டின் 75 வாட்டும் சேர்ந்துதான் இந்தக் கார்டின் முழு வரம்பு. 2016இல் ஆர்எக்ஸ் 480 வெளிவந்தபோது ஸ்லாட்டிலிருந்து அளவுக்கு மேல் இழுத்ததை ஏஎம்டி டிரைவர் வழியாகத் திருத்த வேண்டி வந்தது.

டைமிங்கில் 1750 வரிசையை 2000த்தின் இடத்திலும் அதற்கு மேலுள்ள வரிசையிலும் ஒட்டினோம். ஒரு வரிசை அதன் எண் வரைக்கும்தான் பொருந்தும். 2050 வைத்தவர் 2000 வரிசையை மட்டும் மாற்றிவிட்டு "வித்தியாசமே இல்லை" என்பது இதனால்தான். வரிசைக்கு முன்னால் உள்ள 0, 1, 2 என்ற எண் மெமரி வகையைக் குறிப்பது. ஹைனிக்ஸின் எண்ணுக்குள்ளேயே நகல் எடுக்க வேண்டும். வகை தாண்டி ஒட்டினால் தொடங்கிய இடத்துக்கே போய்ச் சேர்வோம். கோப்பு சரிதானா என்று பார்க்க உதவும் கூட்டெண்ணான செக்சத்தை எடிட்டர் தானே திருத்திவிடும். ஹெக்ஸ் எடிட்டரில் கையால் மாற்றுகிறவர்கள் அதைத் தனியாகத் திருத்த வேண்டும்.

எழுதும்போது கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். பக்கத்தில் தறி மோட்டார் எடுக்கும்போது லைன் ஒரு கணம் தாழ்வது இந்தப் பகுதியில் வழக்கம், எழுதும் அரை நிமிடத்தில் அது போதும் கெடுக்க. கேம் ஓடாத கம்ப்யூட்டருக்கு 600 விஏ யுபிஎஸ் தாங்கும். எழுதி முடித்ததும் ரீஸ்டார்ட் செய்யாமல், எஸ் தெரிவோடு மறுபடி படித்து, எழுதிய கோப்போடு ஒப்பிட்டுவிட்டுத்தான் ரீஸ்டார்ட்.

ரீஸ்டார்ட் ஆனதும் திரை வந்தது, டிரைவர் ஏறவில்லை. டிவைஸ் மேனேஜரில் 43ஆம் எண் பிழை. இது எதிர்பார்த்ததே. போலாரிஸுக்கு டிரைவர் பயாஸின் கையொப்பத்தைச் சரிபார்க்கும், திருத்திய பயாஸில் அது பொருந்தாது. டிரைவரில் அந்தச் சரிபார்ப்பை நீக்கும் ஏடிஐகேஎம்டேக் பேட்சரை ஒரு முறை ஓட்டி ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும். ஒவ்வொரு டிரைவர் புதுப்பிப்புக்குப் பிறகும் மறுபடி ஓட்ட வேண்டும். சில மதர்போர்டுகளில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை நிறுத்தி, சிஎஸ்எம் என்ற பழைய பூட் முறையை இயக்கினால்தான் திரை வரும். கேமில் ஏமாற்றுவோரைக் கண்காணிக்கும் சில மென்பொருள்கள் இப்படித் தொட்ட டிரைவரை ஏற்காமல் போகலாம்; போட்டி விளையாட்டு ஆடுகிறவர் அசல் பயாஸிலேயே இருந்துகொண்டு மென்பொருளில் எண் வைப்பதே மேல்.

அசல் நிலையோடு ஒப்பிட்டால் கிடைத்த லாபம் நூற்றுக்கு நாலைந்து. சராசரி 60 ஃபிரேம் வந்த இடத்தில் 63. பஞ்சடைத்த கார்டோடு ஒப்பிட்டால் அதைவிட மிகப் பெரிது, ஆனால் அந்த வித்தியாசம் பயாஸின் கணக்கில் சேராது.

புதிய கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. ஏஎம்டியில் அடுத்த வரிசையான வேகா வந்த 2017இலிருந்து கார்டே பயாஸின் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. உள்ளே ஓர் எழுத்தையும் திருத்த முடியாது, கையொப்பமிட்ட முழுப் பயாஸைத்தான் மாற்றலாம். 2019 ஜூலையில் வந்த ஆர்எக்ஸ் 5700இல் 5700 எக்ஸ்டியின் பயாஸை ஏற்றியவர்கள் அப்படிச் செய்தவர்களே. கோர் வரம்பு 1850இலிருந்து 2150க்கு உயர்ந்தது, 2304 ஷேடர்கள் 2560 ஆகவில்லை. அங்கேயும் மெமரி வகை பொருந்த வேண்டும் என்ற விதி மாறவில்லை.

கார்டின் பின்தகட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, ஹைனிக்ஸ், 1380, 1100, 2050 என்ற நான்கையும் எழுதிய தேதியையும் குறித்தோம். பென்டிரைவில் இப்போது அசல் பயாஸ், மைனிங் பயாஸ், பதித்த பயாஸ் என மூன்று கோப்புகள், பெயரிலேயே எது எது என்று தெரியும்படி. ஆடிக்காற்று ஓய்ந்ததும் ஃபேன் கூட்டைக் கழற்றிப் பஞ்செடுக்கக் கார்டைக் கொண்டுவரும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறது.